இன்புட் பின்னை அந்தரத்தில் விடாதீர்கள்: ஆர்டுயினோ முதல் ஈஎஸ்பி32 வரை

புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோ போர்டில் 2-ஆம் பின்னை (வயர் மாட்டும் கால்) வெறும் இன்புட்டாக, அதாவது வெளியிலிருந்து வரும் வோல்ட்டேஜைப் படிப்பதாக அமைத்து, அதில் ஒரு ஜம்பர் வயரைச் செருகி, மறுமுனையை எதிலும் இணைக்காமல் மேசைமேல் விடுங்கள். பின்னின் மதிப்பைச் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் ஜன்னல்) ஓடவிட்டால் 0, 1, 1, 0, 1 என்று மனம்போனபடி வரும். வயருக்கு அருகே கையைக் கொண்டுபோனால் ஆட்டம் கூடும். சில சமயம் சமர்த்தாக 0-விலேயே நிற்கவும் செய்யும். அதை நம்பி வேலையை முடித்துவிட்டால், பக்கத்தில் யாராவது மிக்ஸி போடும்போது உங்கள் கருவி தானாக இயங்கத் தொடங்கும்.

போர்டு கெட்டுப்போகவில்லை. இன்புட் பின் என்பது கிட்டத்தட்ட மின்னோட்டமே வாங்காத ஒரு காது. ஊனோவில் உள்ள அட்மெகா328பி சிப்பின் இன்புட் பின்னில் கசியும் மின்னோட்டம் அதிகபட்சம் 1 மைக்ரோ ஆம்பியர்தான். அவ்வளவு நுண்ணிய காதுக்குச் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் வயரிங்கின் முணுமுணுப்பும், உங்கள் உடம்பு ஏந்திவரும் மின்புலமும் போதும். கேட்பதையெல்லாம் அது நம்பிவிடும்.

ஆகவே எந்த இன்புட்டை அமைத்தாலும் முதலில் ஒரு கேள்வி: பட்டனை யாரும் தொடாதபோது இந்தப் பின்னைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? பதில் இல்லையென்றால் சர்க்யூட் இன்னும் முடியவில்லை.

எது 0, எது 1

5 வோல்ட்டில் ஓடும் ஊனோ, 1.5 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை 0 என்றும் 3 வோல்ட்டுக்கு மேலே இருப்பதை 1 என்றும் எடுத்துக்கொள்ளும். இடைப்பட்ட வோல்ட்டேஜுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. 3.3 வோல்ட்டில் ஓடும் இன்னொரு போர்டான ஈஎஸ்பி32-க்கு இந்த எல்லைகள் சுமார் 0.8, 2.5 வோல்ட். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற போர்டுக்கு 0.8, 2.0. இந்த எண்கள் தெரிந்திருந்தால் கோளாறு தேடும்போது மல்டிமீட்டர் காட்டுவதற்குப் பொருள் புரியும். பின்னில் 2.2 வோல்ட் நிற்கிறது என்றால் தவறு புரோகிராமில் இல்லை, வயரில் இருக்கிறது.

முதல் பட்டன்

தேவையானவை: ஊனோ அல்லது அதன் சிறிய வடிவமான நானோ போர்டு ஒன்று, பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் துளைப்பலகை), 6 மில்லிமீட்டர் நாலுகால் பட்டன் இரண்டு, கால் வாட் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பத்து, 1 கிலோ ஓம் ஐந்து, 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் சில (அது 100 நானோ ஃபேரட்), ஜம்பர் வயர்கள். மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். ரெசிஸ்டரின் நிறப்பட்டைகளில் 10 கிலோ ஓம் என்பது பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. 1 கிலோ ஓம் என்பது பழுப்பு, கருப்பு, சிவப்பு. மங்கிய வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

1. யூஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். வயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

2. பட்டனைப் பிரெட்போர்டின் நடுப்பள்ளத்தின் குறுக்கே அமருமாறு அழுத்துங்கள். நாலு கால்கள் இருந்தாலும் உள்ளே இரண்டே முனைகள்தான். இரண்டிரண்டு கால்கள் எப்போதும் ஒட்டியே இருக்கும். எந்த ஜோடி எது என்று குழம்ப வேண்டாம். மூலைக்கு மூலை, எதிரெதிர்க் கால்களை எடுத்துக்கொண்டால் பட்டனை எப்படித் திருப்பி வைத்தாலும் தப்பு வராது.

3. ஒரு காலிலிருந்து கிரவுண்டுக்கு (போர்டின் 0 வோல்ட் பின்) ஒரு வயர். எதிர்மூலைக் காலிலிருந்து 2-ஆம் பின்னுக்கு இன்னொன்று. ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம்.

4. புரோகிராமில் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் பின்மோட் கட்டளையை எழுதுங்கள். முதலில் பின் எண் 2, அடுத்து அதன் வேலை. வேலை என்ற இடத்தில் இன்புட் என்று மட்டும் போடாமல் இன்புட்-புல்அப் என்று போடுங்கள். இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோடு. அதே இடத்தில் சீரியல் வேகத்தை 9600 என்று வையுங்கள்.

5. திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியில் டிஜிட்டல்ரீட் மூலம் 2-ஆம் பின்னைப் படித்து சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள். மானிட்டரின் வேகமும் 9600 ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் கிறுக்கல்கள்தான் வரும்.

தொடாதபோது 1, அழுத்தினால் 0 என்று வரும். தலைகீழாக இருக்கிறதே என்று எல்லோரும் ஒருமுறை திகைப்பார்கள். புல்அப் என்றால் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு ரெசிஸ்டர், பின்னை 5 வோல்ட் பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்திருப்பது. கிரவுண்டோடு நேரடியாக இணைந்த பட்டனை அழுத்தியதும் அந்த மெல்லிய பிடி தோற்றுப்போகும், பின் 0-வுக்கு இறங்கும். அழுத்தியது என்றால் 0 என்பதை நிபந்தனை வரியில் ஒரே ஒரு இடத்தில் எழுதி, அதன் விடையை "அழுத்தப்பட்டது" என்ற பொருள் தரும் மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வரிகளில் 0, 1 என்ற குழப்பமே வராது.

5 வோல்ட்டைப் பட்டன் வரை இழுத்துக்கொண்டு போவதைவிட கிரவுண்டைக் கொண்டுபோவது நல்லது என்பதற்கு எளிய காரணம் உண்டு. பெட்டியின் மூடியில் பொருத்திய பட்டனின் வயர் உரிந்து உலோகத்தில் பட்டால், கிரவுண்ட் வயர் என்றால் பெரிய கேடில்லை. 5 வோல்ட் வயர் என்றால் மொத்த சப்ளையும் ஷார்ட் ஆகும்.

இப்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பு முனையை 2-ஆம் பின்னிலும் பிடியுங்கள். தொடாதபோது 5 வோல்ட்டுக்கு அருகில், அழுத்தும்போது கிட்டத்தட்ட 0. எப்போதும் 0 காட்டினால் ஒட்டிய ஜோடிக் கால்களிலேயே இரண்டு வயரையும் மாட்டியிருக்கிறீர்கள். தொடாதபோது 5 வோல்ட்டுக்கு வராமல் ஏதேதோ காட்டினால் புல்அப் இயங்கவில்லை. பின்மோட் வரியில் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய புரோகிராம்களில் இன்புட்-புல்அப் என்ற சொல்லே இருக்காது. 2012-இல் வந்த ஆர்டுயினோ 1.0.1-க்கு முன்பு, பின்னை இன்புட்டாக்கிவிட்டு அதற்கே டிஜிட்டல்ரைட் மூலம் ஹை, அதாவது 1 எழுதுவார்கள், புல்அப் இயங்கிவிடும். ஊனோவில் அந்தப் பழைய வழி இன்றும் வேலை செய்கிறது. அதனால் ஒரு வேடிக்கையும் நடக்கும். எல்ஈடி மாட்டிய பின்னுக்கு அவுட்புட் என்று அறிவிக்க மறந்துவிட்டு ஹை எழுதினால், எல்ஈடி அணையாமல் மங்கலாக எரியும். அது புல்அப் வழியே கசியும் வெளிச்சம்.

வெளி ரெசிஸ்டர் எப்போது வேண்டும்

ஊனோவின் உள் புல்அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். மேசைமேல் ஒரு சாண் வயருக்கு அது தாராளம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து 15 மீட்டர் வயர் இறங்கி வரும் ஃப்ளோட் சுவிட்சுக்கு (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து திறந்து மூடும் சுவிட்ச்) போதவே போதாது. அத்தனை நீள வயர் ஆன்டெனாதான். மோட்டார் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பை உள்ளே அனுப்பும்.

நீள வயருக்கு இப்படிச் செய்யுங்கள். வயர் போர்டுக்கு வந்து சேரும் முனையிலிருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதே முனையிலிருந்து பின்னுக்கு நேராகப் போகாமல் நடுவே 1 கிலோ ஓம். பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 104 கெப்பாசிட்டர். ஃப்ளோட் சுவிட்சின் மறுகால் கிரவுண்டுக்கு. இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுவாருங்கள், மோட்டாரின் 230 வோல்ட் வயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள். சுவிட்ச் மூடியிருக்கும்போது 2 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். இந்த அளவு மின்னோட்டம் சுவிட்சின் உள்ளே படியும் மெல்லிய துருவையும் ஓரளவு தாண்டிவிடும். உள் புல்அப் தரும் 0.1 அல்லது 0.2 மில்லி ஆம்பியர் ஈரமான இடத்துச் சுவிட்சில் அடிக்கடி தோற்கும்.

அந்த 1 கிலோ ஓமுக்கு இன்னொரு பயனும் உண்டு. தவறுதலாக அந்தப் பின்னை அவுட்புட் ஆக்கி ஹை எழுதிவிட்டீர்கள், அந்நேரம் சுவிட்ச் கிரவுண்டோடு இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் இல்லையென்றால் நேரடி ஷார்ட். ஊனோவின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பு 40 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் இருந்தால் ஓடுவது 5 மில்லி ஆம்பியர்தான். பின் பிழைத்துக்கொள்ளும்.

அழுத்தினால் 1 வர வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். அதற்குப் பின்னைக் கிரவுண்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் புல்டவுன் ரெசிஸ்டர் வேண்டும். ஊனோவில் உள்ளே அது கிடையாது. பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், பின்னிலிருந்து பட்டன் வழியாக 5 வோல்ட்டுக்கு வயர், பின்மோட்டில் வெறும் இன்புட். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பட்டனை 5 வோல்ட்டில் மாட்டிவிட்டு, புரோகிராமில் இன்புட்-புல்அப் என்றே விட்டுவிடுவது ஒன்று. வெளி ரெசிஸ்டரும் இல்லாவிட்டால் அழுத்தினாலும் 1, விட்டாலும் 1. மற்றது மோசமானது. பட்டனின் ஒரு கால் 5 வோல்ட், மறுகால் நேரே கிரவுண்ட், ரெசிஸ்டர் மட்டும் பின்னுக்குப் போகும் வழியில். அழுத்திய கணம் போர்டின் விளக்கு அணைந்து, கணினியில் போர்ட்டே காணாமல் போகும். பட்டனை அழுத்தினால் போர்டு ரீசெட் ஆகிறது என்று புகார் வந்தால் பெரும்பாலும் இதுதான்.

ஒரு அழுத்தம், ஐந்து எண்ணிக்கை

பட்டனை அழுத்தும் தடவையை எண்ணும் புரோகிராம் எழுதினால், ஒரு அழுத்தத்துக்கு 3 கூடும், சில சமயம் 5. பட்டனின் உள்ளே உள்ள உலோகத் தகடு ஒன்றில் ஒன்று மோதி, சில மில்லி விநாடிகள் துள்ளிவிட்டுத்தான் அமர்கிறது. சிப்போ நொடிக்கு 1.6 கோடித் துடிப்பில் ஓடுகிறது. ஒவ்வொரு துள்ளலும் அதன் கண்ணுக்குத் தனி அழுத்தம். இதை பவுன்ஸ் என்பார்கள்.

படித்ததும் 50 மில்லி விநாடி டிலே போடுவது சுலபமான வழி. ஒரே பட்டனும் ஒரே விளக்கும் என்றால் அதுவே போதும். மோட்டாரோ டிஸ்பிளேயோ கூடவே ஓட வேண்டும் என்றால் டிலே எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும்.

சரியான முறைக்கு மூன்று மாறிகள் வேண்டும்: கடைசியாகப் படித்த மதிப்பு, அது கடைசியாக மாறிய நேரம், நாம் உறுதியென ஏற்றுக்கொண்ட நிலை. ஒவ்வொரு சுற்றிலும் பின்னைப் படியுங்கள். முன் படித்ததிலிருந்து மாறியிருந்தால் மில்லிஸ் கட்டளை தரும் நேரத்தை (போர்டு தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி விநாடி) குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்திலிருந்து 30 மில்லி விநாடி மாறாமல் நின்று, அந்த மதிப்பு ஏற்றுக்கொண்ட நிலையிலிருந்து வேறாகவும் இருந்தால், அப்போதுதான் புதிய நிலையை ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் கூட்டும் வரி இந்த ஏற்பு நடக்கும் இடத்துக்குள், அதுவும் 1-லிருந்து 0-வுக்கு இறங்கும்போது மட்டும் இருக்க வேண்டும். வெளியே எழுதினால் விரலை எடுக்கும்வரை கூடிக்கொண்டே போகும்.

நேரத்தைக் குறிக்கும் மாறியை அன்சைன்ட் லாங் வகையில் வையுங்கள். சாதாரண இன்ட் வகையில் ஊனோவில் 32,767-க்கு மேல் கொள்ளாது. 32 விநாடி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும், பிறகு பழைய துள்ளல் திரும்பி வந்துவிடும். பரிசோதனை பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் இந்தப் பிழை நீண்ட நாள் ஒளிந்திருக்கும். மில்லிஸ் தரும் எண்ணும் சுமார் 49.7 நாளில் சுழன்று 0-வுக்கு வரும். இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் அதுவும் தொல்லை தராது. இரண்டையும் கூட்டி ஒப்பிட்டால் தரும்.

பட்டனுக்கு இன்டரப்ட் (பின் மாறியதும் ஓடும் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும் வசதி) பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். ஊனோவில் 2, 3 பின்களில் அந்த வசதி இருக்கிறது. விரலால் அழுத்துவதற்கு அது வேண்டாம். ஒவ்வொரு துள்ளலுக்கும் இன்டரப்ட் ஓடும். தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் சென்சார் போலத் துடிப்புகளை விடாமல் எண்ண வேண்டிய இடத்துக்கு அதை ஒதுக்கிவையுங்கள்.

போர்டு மாறினால் பின் குணமும் மாறும்

ஊனோவில் 0, 1 பின்கள் கணினியோடு பேசும் சீரியல் வழி. பட்டனை அங்கே மாட்டினால் புரோகிராம் ஏற்றும்போது தகராறு வரும். 13-ஆம் பின்னில் போர்டின் சொந்த எல்ஈடி இருக்கிறது. பழைய போர்டுகளில் அந்த எல்ஈடி நேராகப் பின்னிலேயே தொங்குவதால் உள் புல்அப் போட்டாலும் 1.7 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. ஏ0 முதல் ஏ5 வரை உள்ளவற்றைத் தாராளமாக டிஜிட்டல் இன்புட்டாகப் பயன்படுத்தலாம். நானோவில் கூடுதலாக இருக்கும் ஏ6, ஏ7 அனலாக் மட்டும், அதாவது 0, 1 என்றில்லாமல் வோல்ட்டேஜின் அளவைப் படிப்பவை. அவற்றுக்குப் புல்அப் கிடையாது, டிஜிட்டல்ரீட்டும் வேலை செய்யாது. பின் தீர்ந்துபோய்க் கடைசியில் அங்கே பட்டன் மாட்டுகிறவர்கள் அரை நாளைத் தொலைப்பார்கள்.

பொறிகள் அதிகம் உள்ளது ஈஎஸ்பி32. 34 முதல் 39 வரையிலான பின்கள் இன்புட் மட்டும், உள் புல்அப்பும் புல்டவுனும் கிடையா. புரோகிராமில் இன்புட்-புல்அப் என்று எழுதினாலும் பின் அந்தரத்தில்தான் நிற்கும். வெளியே 10 கிலோ ஓமை 3.3 வோல்ட்டுக்குப் போட்டே ஆக வேண்டும். வழக்கமான மாட்யூல்களில் 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன, தொடாதீர்கள். 0, 2, 5, 12, 15 பின்களை சிப் விழித்தெழும்போது ஒருமுறை பார்த்து எப்படித் தொடங்குவது என்று முடிவுசெய்கிறது. 12-ஆம் பின் அந்த நேரத்தில் ஹையாக இருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று தவறாக எண்ணி, சாதாரண மாட்யூல்களில் போர்டு தொடங்காமலே நின்றுவிடும். 0-ஆம் பின் லோவாக இருந்தால் புரோகிராமை ஓட்டாமல் புதிய புரோகிராம் ஏற்றக் காத்திருக்கும். பட்டனுக்கு 25, 26, 27, 32, 33 ஆகியவை தொல்லையற்றவை.

பிக்கோவில் எல்லா ஜிபிஐஓ (இன்புட்டாகவோ அவுட்புட்டாகவோ அமைக்கக்கூடிய) பின்னுக்கும் உள்ளேயே புல்அப், புல்டவுன் இரண்டும் உண்டு. 50 முதல் 80 கிலோ ஓம். பிக்கோ 2-இல் முதலில் வந்த ஆர்பி2350 சிப்புகளில் (ஏ2 பதிப்பு) ஒரு குறை இருக்கிறது. உள் புல்டவுனை நம்பி ஹைக்கு ஏற்றிவிட்டுக் கைவிட்டால், பின் 0-வுக்கு இறங்காமல் 2.2 வோல்ட் அருகே சிக்கிக்கொள்ளும். 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைவான வெளி ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் புல்அப் வைத்து, பட்டனைக் கிரவுண்டில் மாட்டும் பழைய வழிக்கே வந்துவிடுங்கள்.

சென்சார் தரும் வோல்ட்டேஜ்

ஈஎஸ்பி32, பிக்கோ போன்றவற்றின் பின்களில் 5 வோல்ட்டைக் காட்டக் கூடாது. சிலருக்கு உடனே போகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஓடிவிட்டுப் போகும். எச்சி-எஸ்ஆர்04 தூரமானியின் எக்கோ கால் 5 வோல்ட் தரும். அதிலிருந்து பின்னுக்கு 10 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம் போட்டால் பின்னில் 3.3 வோல்ட் வரும். 20 கிலோ கிடைக்காவிட்டால் இரண்டு 10 கிலோ ஓமை வரிசையாக இணையுங்கள். மேலும் கீழும் மாற்றிப் போட்டால் 1.7 வோல்ட்தான் வரும். சென்சார் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுமுன் அதைப் பாருங்கள்.

வண்டியின் 12 வோல்ட்டைப் படிக்க பிசி817 ஆப்டோகப்ளர் (வெளிச்சம் வழியே சிக்னலைக் கடத்தி இரண்டு சர்க்யூட்டையும் பிரித்து வைக்கும் சிப்) நல்லது. அதன் எல்ஈடிப் பக்கம் 2.2 கிலோ ஓம் வழியாக 12 வோல்ட். சுமார் 5 மில்லி ஆம்பியர் ஓடும். 24 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம். மறுபக்கம் எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் பின்னுக்கு, பின்மோட்டில் இன்புட்-புல்அப். 12 வோல்ட் இருந்தால் 0 என்று படிக்கும்.

சென்சார் வாங்கும்போது அதன் அவுட்புட் இரு பக்கமும் தானே பிடித்துக்கொள்ளுமா, கிரவுண்டுக்கு மட்டும் இழுக்குமா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். எச்சி-எஸ்ஆர்501 ஆள்நடமாட்ட சென்சார் தானே 3.3 வோல்ட்டும் 0-வும் தரும், புல்அப் தேவையில்லை. ஊனோவின் 3 வோல்ட் எல்லையை அது மயிரிழையில் தாண்டுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காந்தத்தை உணரும் ஏ3144 ஹால் சென்சார் ஓப்பன் கலெக்டர் வகை. கிரவுண்டுக்கு இழுக்கத் தெரியும், மேலே ஏற்றத் தெரியாது. புல்அப் போடாமல் காந்தத்தை எத்தனை முறை ஆட்டினாலும் ஒன்றும் நடக்காது. இதில் ஒரு வசதியும் உண்டு: சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து, 10 கிலோ ஓம் புல்அப்பை 3.3 வோல்ட்டுக்குக் கட்டினால் ஈஎஸ்பி32-இல் அப்படியே மாட்டலாம். டிஎஸ்18பி20 வெப்பமானிக்கு 4.7 கிலோ ஓம் புல்அப்.

சென்சாருக்குத் தனி சப்ளை என்றால் இரண்டு கிரவுண்டையும் இணைக்க மறக்காதீர்கள். இணைக்காவிட்டால் சிக்னல் வயர் இருந்தும் பின் அந்தரத்தில்தான் இருக்கும். ஆப்டோகப்ளர் மட்டும் இதற்கு விலக்கு.

அனலாக் இன்புட்டில் புல்அப் போடக் கூடாது. போட்டால் அளவு மேலே சாயும். ஊனோ 0 முதல் 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கிறது, ஒரு படி சுமார் 4.9 மில்லி வோல்ட். பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) 10 கிலோ ஓமாக இருக்கட்டும். 1 மெகா ஓம் போட்டால் பக்கத்துச் சேனலின் மதிப்பு இதில் கலந்து தெரியும். ஈஎஸ்பி32-இல் அனலாக்கை அளக்க ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு பகுதிகள் உண்டு; வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களைப் படிக்க முடியாது, 32 முதல் 39 வரையிலான ஏடிசி1 பின்களையே எடுங்கள்.

கோளாறை இரண்டாகப் பிளக்க

எதுவும் புரியாதபோது சென்சாரின் வயரைப் பின்னிலிருந்து கழற்றிவிடுங்கள். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலைப் பின்னில் செருகி, மறுகாலை முதலில் கிரவுண்டில் வையுங்கள், அடுத்து 3.3 வோல்ட்டில் (ஊனோவானால் 5 வோல்ட்டில்). புரோகிராம் 0 என்றும் 1 என்றும் முறையே படித்தால் போர்டும் பின்மோட் வரியும் நலம், கோளாறு வயரிலோ சென்சாரிலோ. படிக்காவிட்டால் பின் எண்ணைச் சரிபாருங்கள். பிக்கோவில் போர்டின் விளிம்பில் வரிசையாக எண்ணி வரும் எண் வேறு, ஜிபிஐஓ எண் வேறு. ஜிபிஐஓ 15 என்பது விளிம்பில் 20-ஆவது கால். எண்ணும் சரியென்றால் பட்டனை வேறு பின்னுக்கு மாற்றிப் பாருங்கள். புதிய பின்னில் ஓடினால் பழைய பின் செத்துவிட்டது. அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டு மற்ற பின்களில் வேலையைத் தொடருங்கள்.